வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் எல்லையில் கடல் போல விரிந்த ஏரிகள் ஐந்து உண்டு. அவற்றில் ஹியூரான், மிச்சிகன் என்ற இரண்டு ஏரிகள் சேரும் இடத்தில் மாக்கினா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. 1822-ம் ஆண்டில் அந்தத் தீவில் ஒரு ராணுவக் கோட்டையும், ரோமத்தோல் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் கடையும் இருந்தன. குளிர்காலம் முழுவதும் காட்டில் சேர்த்த தோல்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு, கோடை பிறந்ததும் வேட்டைக்காரர்களும் படகுக் கூலிகளும் அங்கே வந்து கூடுவார்கள். கணக்குத் தீர்ப்பார்கள். சாமான் வாங்குவார்கள். மிச்சம் இருப்பதைக் குடித்துத் தீர்ப்பார்கள்.

ஜூன் மாதம் 6-ந் தேதி காலை. கம்பெனிக் கடையில் நல்ல கூட்டம். யாரோ ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி தவறி வெடித்துவிட்டது. மூன்றடி தூரம்கூட இல்லாத இடத்தில் நின்றிருந்த ஒரு வாலிபன் சுருண்டு விழுந்தான். அவன் சட்டை தீப்பற்றி எரிந்தது.

அவன் பெயர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் பிழைப்பு இல்லாததால் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து படகு வலிக்க வந்தவன்.

கோட்டையில் இருந்து ராணுவ டாக்டரை அழைத்துவர ஆள் ஓடியது. அரை மணி நேரத்துக்குள் டாக்டர் வந்துவிட்டார். இடது மார்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்து போயிருந்தது. விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கி நின்றது. அதற்குக் கீழே இரைப்பையில் ஒரு துவாரம். காலையில் சாப்பிட்ட ஆகாரம் அதன் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் காயத்தைக் கழுவினார். உள்ளே புகுந்திருந்த துணித் துண்டுகளையும் மருந்துத் தூளையும் அகற்றினார். குத்திக்கொண்டு நின்ற எலும்பு முனையைப் பேனாக்கத்தியால் வெட்டினார். கட்டுப் போட்டார். 36 மணி நேரத்துக்கு மேல் இவன் தாங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டே கோட்டைக்குத் திரும்பினார்.

அந்த வாலிபன் அதன்பிறகு 58 ஆண்டுகள் உயிரோடு இருந்தான். டாக்டர்தான் அவனுக்கு முன்னால் இறந்தார். அவர் பெயர் வில்லியம் பியூமாண்ட்.

பண்ணையில் பிறந்தவர்

பியூமாண்ட் 1785-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லெபனான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. ஏர் பிடிக்க மகனுக்கு விருப்பம் இல்லை. இருபத்தொரு வயதில் ஒரு குதிரையும் பனிச்சறுக்கு வண்டியும் கொஞ்சம் பணமுமாக வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். வடக்கே கனடா எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். இரவில் உள்ளூர் டாக்டரிடம் இரவல் வாங்கிய வைத்தியப் புத்தகங்கள்.

மருத்துவக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலான டாக்டர்கள் படித்தது போலத்தான் அவரும் படித்தார். ஒரு டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அவர் வீட்டிலேயே தங்கி, மருந்து அரைத்து, கட்டுப் போட்டு, பிரேதங்களை அறுத்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1812-ம் ஆண்டு ஜூன் மாதம் வைத்தியம் செய்ய லைசென்சு கிடைத்தது. அதே மாதம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் யுத்தம் மூண்டது. பியூமாண்ட் ராணுவத்தில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் யார்க் நகரை அமெரிக்கர்கள் தாக்கினார்கள். இன்றைய டொரான்டோ நகரம்தான் அது. பின்வாங்கிய பிரிட்டிஷார் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சிதறி விழுந்த கற்களில் நூற்றுக்கணக்கானோர் அடிபட்டார்கள். பியூமாண்ட் இரவு பகலாகக் கை கால்களை வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார். துப்பாக்கிக் காயத்தை எப்படிக் கவனிப்பது என்பதை அவர் கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

யுத்தம் முடிந்ததும் கொஞ்ச காலம் சொந்தமாகத் தொழில் செய்தார். பிறகு மறுபடியும் ராணுவ வேலை. 1820-ல் மாக்கினா கோட்டைக்கு மாற்றல். மறு ஆண்டு கலியாணம். அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்தத் துப்பாக்கி வெடித்தது.

மூடாத துவாரம்

முதல் 17 நாட்கள் அலெக்சிஸ் எதைச் சாப்பிட்டாலும் காயத்தின் வழியாக வெளியே வந்துவிட்டது. ஆசனவாய் வழியாகச் சத்து நீரைச் செலுத்தி டாக்டர் அவனைக் காப்பாற்றினார். நான்காவது வாரத்தில் பசி எடுத்தது. சாப்பாடு உள்ளே தங்க ஆரம்பித்தது. வாரக்கணக்கில் காயத்தில் இருந்து செத்த சதையும் எலும்புத் துணுக்குகளும் கழன்று விழுந்தன. புதுச் சதை வளர்ந்தது. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. இரைப்பைத் துவாரத்தின் விளிம்பு, விலாவின் தோலோடு ஒட்டிக்கொண்டு ஆறிவிட்டது. துவாரம் மூடவே இல்லை. டாக்டர் பட்டைகளால் இழுத்துக் கட்டிப் பார்த்தார். பலன் இல்லை.

பத்து மாதங்கள் ஆயின. இந்த அனாதை நோயாளிக்கு இனிமேல் செலவு செய்ய முடியாது என்று உள்ளூர் நிர்வாகம் கையை விரித்துவிட்டது. படகில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்த நிலையில் அவ்வளவு தூரம் படகில் போனால் பிழைக்கமாட்டான். பியூமாண்ட் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். சோறு போட்டு, துணி கொடுத்து, தினமும் தன் கையாலேயே கட்டுப் போட்டார். சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ராணுவ டாக்டருக்கு அது சின்னச் செலவு அல்ல. உடம்பு தேறியதும் அலெக்சிஸ் அந்த வீட்டில் விறகு வெட்டி எடுபிடி வேலை செய்தான்.

நாளடைவில் துவாரத்தின் மேல் இரைப்பையின் உள்தோல் மடிந்து ஒரு கதவு போல மூடிக்கொண்டது. கட்டு இல்லாமலே சாப்பாடு வெளியே வருவது நின்றது. விரலால் அந்தக் கதவை உள்ளே தள்ளினால் போதும். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். உலகத்தில் எந்த டாக்டருக்கும் அதுவரை இத்தனை வசதியாக வாய்க்காத காட்சி அது.

பட்டு நூலில் கட்டிய இறைச்சி

சாப்பிட்ட ஆகாரம் வயிற்றில் என்ன ஆகிறது என்பது அன்று பெரிய சர்ச்சை. அரைபடுகிறது என்றார்கள் சிலர். புளித்து நொதிக்கிறது என்றார்கள் வேறு சிலர். வயிற்றுச் சூட்டில் வேகிறது என்றவர்களும் உண்டு. இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் துணிப்பைகளில் உணவைக் கட்டித் தானே விழுங்கிப் பார்த்து, வயிற்றில் ஊறும் ஒரு நீர்தான் உணவைக் கரைக்கிறது என்று 18-ம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

1825-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி பகல் 12 மணி. பியூமாண்ட் ஒரு பட்டு நூலை எடுத்தார். மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, பச்சையான உப்புப் பன்றிக் கொழுப்பு, பச்சையான உப்பு மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பு மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துண்டு. நூலில் வரிசையாகக் கட்டித் துவாரத்தின் வழியாக உள்ளே விட்டார். அலெக்சிஸ் வழக்கம் போல வீட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தார். முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு மறுபடியும் பார்த்தபோது கோஸ், ரொட்டி, கொழுப்பு, வெந்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை.

அலெக்சிசுக்கு வயிற்று வலியும் தலைவலியும் வந்துவிட்டன. வலி அடுத்த நாளும் தீரவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாய் வழியாக அல்ல, துவாரத்தின் வழியாக!

ஆகஸ்டு 7-ந் தேதி அவனைப் 17 மணி நேரம் பட்டினி போட்டார். வெப்பமானியை உள்ளே விட்டார். 100 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. ரப்பர்க் குழாய் மூலம் சுமார் 30 மில்லி இரைப்பை நீரை எடுத்து ஒரு குப்பியில் ஊற்றினார். வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றை அதில் போட்டு மூடி, அதே 100 டிகிரி சூட்டில் வெந்நீருக்குள் வைத்தார். அப்போது காலை 11 மணி. நாற்பது நிமிடத்தில் இறைச்சியின் மேற்பரப்பு கரையத் தொடங்கியது. இரவு 9 மணிக்குக் குப்பியில் இறைச்சி இல்லை.

வயிற்றுக்கு வெளியே, கண்ணாடிக் குப்பிக்குள் ஜீரணம் நடந்துவிட்டது. அரைப்பதற்கு அங்கே தசை இல்லை. உயிரும் இல்லை. நீர் ஒன்றுதான் இருந்தது. பின்னால் வெறும் தண்ணீரிலும் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார். அது அழுகியதே தவிர ஜீரணம் ஆகவில்லை. குளிர்ந்த இரைப்பை நீர் வேலை செய்யவில்லை, சூடாக்கினால் செய்தது.

சொல்லாமல் போனவன்

இந்தச் சோதனைகள் ஆரம்பித்த சில வாரங்களில் டாக்டர் விடுமுறையில் தன் பழைய ஊர்ப்பக்கம் போனார். அலெக்சிசையும் கூடவே அழைத்துப்போனார். கனடா எல்லை பக்கத்தில்தான். ஒரு நாள் காலை அலெக்சிசைக் காணோம். யாரிடமும் சொல்லாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டான்.

பியூமாண்டுக்கு வந்த கோபத்தை அவருடைய எழுத்துக்களில் பார்க்கலாம். நன்றி கெட்டவன் என்றே நினைத்தார். அவரால் பிழைத்தவன் அவன் என்பது உண்மை. ஆனால் மூன்று வருடங்களாக ஊரைப் பார்க்காதவன் என்பதும், பட்டினி கிடந்து, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, குழாயும் நூலும் வயிற்றில் நுழைவதைப் பொறுத்துக்கொண்டவன் என்பதும் உண்மைதான். குழாயை விட்டு நீரை எடுக்கும்போதெல்லாம் வயிறு குழிந்து இழுப்பது போல அவனுக்கு இருக்கும். சில நேரம் மயக்கம் வரும்.

ஊரில் அலெக்சிஸ் கலியாணம் செய்துகொண்டான். இரண்டு குழந்தைகள் பிறந்தன. வயிற்றில் துவாரத்தோடு படகு வலித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினான். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, தோல் கம்பெனி ஆட்கள் அவனைக் கண்டுபிடித்து டாக்டருக்குத் தகவல் கொடுத்தார்கள். 1829-ல் மனைவி குழந்தைகளோடு சுமார் 2,000 மைல் பயணம் செய்து, மிசிசிபி நதிக்கரையில் இருந்த கிராபர்டு கோட்டைக்கு வந்து சேர்ந்தான். செலவு பியூமாண்டுடையது. சோதனைகள் மறுபடியும் நடந்தன. 1831-ல் மனைவிக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர் சம்மதித்து அனுப்பினார். குடும்பத்தோடு படகிலேயே கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

கைநாட்டு ஒப்பந்தம்

அடுத்த முறை பியூமாண்ட் எச்சரிக்கையாக இருந்தார். 1832-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வக்கீல் பாஷையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒரு வருடத்துக்கு அலெக்சிஸ் டாக்டரின் வேலைக்காரன். டாக்டர் எங்கே போகச் சொன்னாலும் போகவேண்டும். இரைப்பையில் அவர் செய்யும் சோதனைகளுக்கு உடன்படவேண்டும். கூலி 150 டாலர். அதில் 40 டாலர் முன்பணம். சாப்பாடும் தங்குமிடமும் தனி. அலெக்சிஸ் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி போட்டான். இந்த முறை மனைவி குழந்தைகள் கூட வரவில்லை.

தலைநகர் வாஷிங்டனில் சோதனைகள் நடந்தன. ராணுவ வைத்தியத் துறையின் தலைவர் ஜோசப் லவல் பியூமாண்டுக்குப் பெரிய ஆதரவு. அலெக்சிசை ராணுவத்தில் சார்ஜெண்டாகப் பதிவு செய்து மாதம் 12 டாலர் சம்பளம் வரும்படி அவர் ஏற்பாடு செய்தார். சார்ஜெண்டு செய்த உத்தியோகம், வயிற்றைக் காட்டுவதுதான்.

பியூமாண்டிடம் ஆராய்ச்சிக்கூடம் இல்லை. வெப்பமானி, குழாய், குப்பி, நூல், கடிகாரம் இவைதான் கருவிகள். சில சமயம் நாக்கும் ஒரு கருவி. வெறும் வயிற்றின் உட்சுவரை நாக்கால் தொட்டுப் பார்த்துப் புளிப்பு இல்லை என்று எழுதிவைத்தார். சாப்பாடு விழுந்ததும் சுவரில் முத்து முத்தாக நீர் அரும்புவதையும் அது புளிப்பாக இருப்பதையும் பார்த்தார். அலெக்சிஸ் கோபத்தில் இருக்கும்போது ஜீரணம் தடைப்படுவதைக் கண்டார். சில நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டு வந்தால் இரைப்பையின் உட்புறம் சிவந்து புண்பட்டிருந்தது. ஆனால் குடித்தவனுக்கு வலி எதுவும் தெரியவில்லை. இன்றும் குடிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இது.

எந்த உணவு ஜீரணமாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீண்ட அட்டவணை ஒன்றும் போட்டார். வேகவைத்த அரிசிக்கு 1 மணி. காய்ச்சிய பாலுக்கு 2 மணி. கெட்டியாக வெந்த முட்டைக்கு மூன்றரை மணி. வறுத்த பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி. சோறு சாப்பிட்டவனுக்குச் சீக்கிரம் பசிக்கிறது என்று வடக்கே வேலைக்குப் போன நம்மவர்கள் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்!

1833-ம் ஆண்டில் 238 சோதனைகளின் விவரத்தையும் பியூமாண்ட் புத்தகமாக வெளியிட்டார். சொந்தச் செலவில் 1,000 பிரதிகள். தாள் மட்டம், அச்சுப் பிழைகள் நிறைய. அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியில் வந்துவிட்டது. அமெரிக்காவில் இருந்து மருத்துவ விஞ்ஞானத்துக்கு ஐரோப்பா கடன்பட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

தசையைக் கரைக்கும் பொருள்

அந்த நீரில் என்ன இருக்கிறது? பியூமாண்ட் குப்பியில் அடைத்து ரசாயன நிபுணர்களுக்கு அனுப்பினார். ஸ்வீடனில் இருந்த பெரிய விஞ்ஞானி பெர்சீலியசுக்கும் ஒரு குப்பி போயிற்று. அதனால் பயன் இல்லை. அமெரிக்காவிலேயே டங்லிசன் என்ற பேராசிரியர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைச் சொன்னார். ஆனால் அமிலம் மட்டும் இந்த வேலையைச் செய்துவிடாது, கூட வேறு ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்பது பியூமாண்டின் முடிவு.

அந்த ஏதோ ஒன்றை 1836-ல் ஜெர்மனியில் தியோடர் ஷ்வான் என்ற இளைஞர் கண்டுபிடித்தார். பெப்சின் என்று பெயர் வைத்தார். உடம்பில் ரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் பொருட்களுக்கு என்சைம்கள் என்று பெயர். தமிழில் நொதிகள் என்கிறோம். மிருக உடலில் இருந்து கண்டெடுத்த முதல் என்சைம்களில் ஒன்று பெப்சின். 1930-ல் அமெரிக்காவில் நார்த்ரப் என்பவர் அதைப் படிகமாக எடுத்துக் காட்டினார். புரதத்தை வெட்டும் இந்தக் கத்தியும் புரதத்தால் ஆனதுதான் என்று தெரிந்தது. அதற்காக அவர் 1946-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மாட்டு இரைப்பையை ஊறவைத்து வேகவைத்துக் கொடுத்தபோது ஒரே மணி நேரத்தில் அலெக்சிசின் இரைப்பை அதைக் கரைத்துவிட்டது. நம் ஊரில் குடல் கறி சாப்பிடுகிறவர்களின் வயிறும் இதைத்தான் செய்கிறது. மாட்டின் இரைப்பையும் சதை. மனிதனின் இரைப்பையும் சதை. மாட்டினுடையதைக் கரைக்கும் நீர் மனிதனுடையதை ஏன் கரைப்பதில்லை?

கரைக்கும்; செத்த பிறகு. லண்டனில் ஜான் ஹண்டர் என்ற டாக்டர் 1772-லேயே இதை எழுதியிருந்தார். சாப்பிட்டவுடன் திடீரென்று இறந்தவர்களின் பிரேதத்தில் இரைப்பைச் சுவர் தானே கரைந்திருப்பதை அவர் கண்டார். உயிர்தான் காவல் என்று அவர் நினைத்தார். பிற்பாடு பிரான்சில் கிளாட் பெர்னார்டு உயிருள்ள தவளையின் கால்களை நாயின் இரைப்பைக்குள் விட்டுவைத்தார். தவளை உயிரோடு இருக்கும்போதே கால்கள் கரைந்தன. ஆகவே உயிர் மட்டும் காவல் இல்லை.

காவல் பல அடுக்காக இருக்கிறது. இரைப்பையின் செல்கள் பெப்சினை உறையில் போட்ட கத்தியாகத்தான் அனுப்புகின்றன. வெளியே வந்து அமிலத்தைத் தொட்ட பிறகுதான் உறை கழன்று வெட்டத் தொடங்குகிறது. சுவரின் மேல் கோழை போன்ற வழவழப்பான படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்கு அடியில் சோடா உப்பு போன்ற ஒரு பொருள் ஊறி, உள்ளே கசியும் அமிலத்தை முறிக்கிறது. மேல் வரிசைச் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன.

இந்தக் காவல் தளரும்போது வருவதுதான் அல்சர் என்னும் இரைப்பைப் புண். மெஸ் சாப்பாடும் நேரம் தவறிய சாப்பாடுமே காரணம் என்று வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். டாக்டர்களும் கவலையைக் குறை சொன்னார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், பெரும்பாலான அல்சர்களுக்கு அடியில் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. அந்தக் கிருமிக்கு மருந்து கொடுத்தால் புண் ஆறிவிடுகிறது. கண்டபடி விழுங்கும் வலி மாத்திரைகள் இன்னொரு பெரிய காரணம்.

கணையத்திலும் இதே கதைதான். அங்கே சுரக்கும் டிரிப்சின் என்ற என்சைமும் உறைக்குள்தான் கிளம்புகிறது. குடலுக்குப் போனபின் உறை கழலவேண்டும். மிதமிஞ்சிய குடியாலோ பித்தப்பைக் கல்லாலோ கணையத்துக்குள்ளேயே கழன்றுவிட்டால், கணையம் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கிறது. உயிருக்கே ஆபத்து.

ஜீரண உறுப்புகளில் மட்டும் இந்த வெட்டுக் கத்திகள் இல்லை. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? 1962-ல் விஞ்ஞானிகள் அந்த வாலில், உறுதியான நார்ப் புரதத்தை வெட்டும் என்சைம் ஒன்றைக் கண்டார்கள். அதே இனத்து என்சைம்கள் மனித உடம்பிலும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதும், புண்ணில் செத்த சதை கழன்று புதுச்சதை ஏற வழி பிறப்பதும் இவற்றால்தான். கட்டுமீறினால் மூட்டுக் குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. புகை பிடிப்பவர்களின் நுரையீரல் இற்றுப்போகிறது. புற்றுநோய் சுற்றுச் சதையைத் துளைத்துக்கொண்டு பரவுகிறது.

மாக்கினா தீவில் அலெக்சிசின் காயத்தில் இருந்து வாரக்கணக்கில் செத்த சதை கழன்று விழுந்ததே, அதைச் செய்ததும் இந்த வகை என்சைம்கள்தான். டாக்டர் உள்ளே குழாய் விட்டுத் தேடியதன் உறவுக்காரர்கள், துவாரத்தின் விளிம்பிலேயே வேலை செய்துகொண்டிருந்தன. அது அவருக்குத் தெரிய வழியில்லை.

கடிதங்கள்

1834-ம் ஆண்டில் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அலெக்சிஸ் கனடாவுக்குப் புறப்பட்டார். திரும்பவே இல்லை.

பியூமாண்ட் செயின்ட் லூயி நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். ஆராய்ச்சிக்கு ஆன செலவைத் திருப்பித் தரும்படி அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு மனு போட்டார். கிடைக்கவில்லை. ஆதரவாக இருந்த லவல் 1836-ல் இறந்துபோனார். புதிதாக வந்தவர் பியூமாண்டை வேறு இடத்துக்கு மாற்ற, அவர் ராணுவ வேலையை ராஜினாமா செய்துவிட்டு அதே ஊரில் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது. காதுதான் மந்தமாகிக்கொண்டே போனது.

1840-ல் ஒரு கொலை வழக்கு. தடியால் மண்டையில் அடிபட்ட ஒரு பத்திரிகைக்காரருக்குப் பியூமாண்ட் மண்டை ஓட்டில் துளை போட்டு சிகிச்சை செய்திருந்தார். அவர் இறந்துவிட்டார். எதிரியின் வக்கீல்கள் கோர்ட்டில் ஒரு குற்றச்சாட்டைக் கிளப்பினார்கள். வயிற்றுக்குள் பார்க்க ஒருவனைத் துவாரத்தோடு வைத்திருந்தவர், மூளைக்குள் பார்க்கும் ஆசையில் இந்தத் துளையையும் போட்டுவிட்டார் என்றார்கள். மூடக்கூடிய துவாரத்தை அவர் வேண்டுமென்றே மூடாமல் விட்டாரா என்ற சந்தேகம் அதன்பிறகும் சிலருக்கு இருந்தது. அந்தக் கால அறுவை சிகிச்சையைப் பார்த்தால் சந்தேகம் நியாயமாகப் படவில்லை. மயக்க மருந்து இல்லாத, கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் இரைப்பையைத் தைக்கப் போயிருந்தால் அலெக்சிஸ் பிழைத்திருப்பது கடினம்.

சுமார் 20 ஆண்டுகள் பியூமாண்ட் கனடாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எத்தனையோ கேள்விகளுக்கு விடை பாக்கி இருந்தது. பணம் தருவதாகச் சொன்னார். கெஞ்சினார். சில கடிதங்களில் மிரட்டலும் உண்டு. அலெக்சிஸ் வேறொருவரைக்கொண்டு பதில் எழுதுவார். குடும்பம் ஏழ்மையில் இருக்கிறது, மனைவிக்கு விருப்பம் இல்லை, குடும்பத்தோடு என்றால் வரலாம், பணம் போதாது என்று பதில் வரும். மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியாக வரவேண்டும் என்பது டாக்டரின் கணக்கு. தனியாக வரமாட்டேன் என்பது கூலிக்காரரின் கணக்கு. இரண்டும் ஒத்துவரவே இல்லை. கடைசிக் கடிதம் போனது 1852-ல்.

1853-ம் ஆண்டு மார்ச் மாதம், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், பனி உறைந்த படியில் பியூமாண்ட் வழுக்கி விழுந்தார். தலையில் பலத்த அடி. அதோடு கழுத்தில் ராஜபிளவையும் கண்டது. ஏப்ரல் 25-ந் தேதி இறந்தார். வயது 67.

எட்டடி ஆழம்

அலெக்சிஸ் அதற்குப் பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். விறகு வெட்டினார். விவசாயம் செய்தார். 1856-ல் டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவரை ஊர் ஊராக அழைத்துப்போய்த் துவாரத்தைக் காட்டிக் காசு பார்த்தார். வறுமை அவரை விடவில்லை. ஆனால் துவாரத்தோடேயே கிழவரானார்.

1880-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி கியூபெக் மாகாணத்தில் செயின்ட் தாமஸ் என்ற கிராமத்தில் அவர் உயிர் பிரிந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் வில்லியம் ஆஸ்லர் அப்போது மான்ட்ரியல் நகரில் இருந்தார். பிரேதப் பரிசோதனை செய்யவும், அந்த இரைப்பையை வாஷிங்டன் ராணுவ மருத்துவக் கண்காட்சியில் வைக்கவும் அவர் ஆசைப்பட்டார். பிரேதத்தை அறுக்க வந்தால் உயிரோடு திரும்பமுடியாது என்று அவருக்குத் தந்தி வந்தது.

குடும்பத்தார் உடலை உடனே அடக்கம் செய்யவில்லை. டாக்டர்களுக்கு உதவாத நிலைக்கு வரட்டும் என்று கோடை வெயிலில் நான்கு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல், பூசை நடந்தபோது சவப்பெட்டியை மாதா கோவிலுக்கு வெளியே வைக்க வேண்டியதாயிற்று. பிறகு யாரும் தோண்டி எடுத்துவிடாதபடி எட்டடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

1962-ம் ஆண்டில் கனடா நாட்டு உடலியல் அறிஞர்கள் அந்த மாதா கோவிலில் அலெக்சிஸ் பெயரில் ஒரு பலகை வைத்தார்கள்.